பதினேழாம் நம்பர் சைக்கிள்

அத்தியாயம் பதினொன்று

எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் வங்காளத்தில் சொல்லி முடிப்பதற்குள் பூர்ணிமா போனைத் துண்டித்தாள். விடிந்ததிலிருந்து இது பதினான்காவது முறை.

ஆசீர் கடைசியாகப் பேசியது வியாழக்கிழமை காலை. "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜாம்தின்னு ஒரு ஊரு. போயிட்டு வெள்ளி சாயங்காலம் வந்துருவேன்" என்றான். இன்று சனிக்கிழமை.

ஜன்னலுக்கு வெளியே பவானிபூர் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. இங்கேயே இரண்டு நாளாக இந்த மழை என்றால் புருலியாவில் எப்படியோ?

மூன்று வருடங்களுக்கு முன்பு அப்பாவை எதிர்த்துக்கொண்டு ஆசீரைக் கைப்பிடித்தவள் பூர்ணிமா. சாத்தான்குளம் பக்கத்துப் பையன். இறையியல் படிக்கக் கொல்கத்தா வந்தவன், படிப்பு முடிந்ததும் புருலியா மாவட்டக் கிராமங்களுக்கு மிஷனரியாகப் போனான். மாதத்தில் ஒரு வாரம்தான் வீடு. மீதி நாட்கள் போனில்.

"வேற ஜாதின்னாகூட ஒத்துக்கிட்டிருப்பேன். ஊர் ஊராப் போய் ஜனங்கள மதம் மாத்தறவன் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று அப்பா பன்னீர்செல்வம் அன்று சொன்னதுதான் கடைசி. பூர்ணிமா ஞானஸ்நானம் எடுத்தது தெரிந்ததும் அவர் மகளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். லேக் கார்டன்ஸ் வீட்டுக்கும் பவானிபூர் வீட்டுக்கும் நடுவே மெட்ரோவில் இரண்டே ஸ்டேஷன். மூன்று வருடமாக அந்த இரண்டு ஸ்டேஷனை அம்மா யசோதா மட்டும்தான், அவருக்குத் தெரியாமல், கடந்து வருகிறாள்.

பூர்ணிமாவுக்கு மிஷன் அலுவலகத்தில் வேலை. சைக்கிள் யோசனையே அவளுடையதுதான்.

முன்பெல்லாம் ஆசீர் நடந்தேதான் போவான். பஸ் எட்டாத ஊர்கள். ஐந்து மைல் நடந்து போய், ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, பெரியவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவான். காலில் கொப்புளத்தை வீடியோ காலில் காட்டிச் சிரிப்பான்.

சீக்கிரம் திரும்புவான் என்றுதான் அவள் சைக்கிள் கேட்டாள். கொல்கத்தாவில் இருந்த தமிழ்ச் சபைக்கு எழுதினாள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் எழுதினாள். போன வருடம் இருபது சைக்கிள்கள் மாவட்டங்களுக்குப் போயின. ஆசீருக்கு வந்தது பதினேழாம் நம்பர்.

சைக்கிள் வந்த பிறகு அவன் சீக்கிரம் திரும்பவில்லை. இன்னும் தூரம் போனான். இன்னும் உள்ளே இருந்த ஊர்களுக்குப் போனான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்கடையில் நான்கு பேர் வழிமறித்து, "உன்னை இங்கே அனுப்பினது யாரு? எதுக்கு வர்றே?" என்று கேட்டதாகச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான்.

அந்தச் சிரிப்பை நினைத்தபடி அவன் எண்ணைப் பதினைந்தாவது முறையாக அழுத்தினாள்.

* * *

சர்ச் வளாகத்தில் தார்ப்பாய்க்குக் கீழே பன்னிரண்டு புதுச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பிரேமில் சுற்றியிருந்த காகிதத்தைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவற்றை வாங்கிக்கொள்ள பாங்குரா, மேதினிபூர் பக்கத்திலிருந்து மிஷனரிகள் குடும்பத்தோடு நேற்றே வந்துவிட்டார்கள்.

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் ரஞ்சனா-தி. மிஷன் அலுவலகத்தில் இருபது வருடமாக இருப்பவள். பூர்ணிமாவுக்கு அக்கா மாதிரி.

"இல்ல ரஞ்சனா-தி."

"புருலியாவுல டவர் எல்லாம் போயிருக்கும். மழைக்கு எப்பவும் இப்படித்தான். சிந்தா கொரிஷ் நா." கவலைப்படாதே என்று வாய் சொன்னதே தவிர, ரஞ்சனாவின் கண்ணில் கவலை அப்பட்டமாகத் தெரிந்தது.

பாஸ்டர் ஜெபித்தார். ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, பூர்ணிமா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சாவியைக் கொடுத்தாள். நான்காவது பெயர் ஜெபசிங். பாங்குராவுக்குப் போய் ஆறு மாதம்தான் ஆகிறது. மனைவி ஜெயப்ரியா நாகர்கோவில்காரி. தாலிக் கயிற்றிலிருந்து கல்யாண மஞ்சள் இன்னும் போகவில்லை.

ஜெபசிங் பெல்லை அடித்துப் பார்த்துப் பூரித்தான். "இனி அந்த மலையடிவாரத்து ஊருக்கும் போயிரலாம்."

ஜெயப்ரியா பூர்ணிமாவின் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அண்ணனுக்கும் இதே மாதிரி சைக்கிள்தானே குடுத்தீங்க?"

"ஆமா."

"அண்ணன் போனதுக்கு அப்புறம் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா அக்கா?"

பூர்ணிமா வாயைத் திறக்குமுன் கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத எண்.

"ஹலோ? இது சைக்கிள் மேல எழுதியிருக்கற நம்பர்தானே?" வங்காளத்தில் ஓர் இளைஞன் குரல். புருலியா வாடை அடிக்கும் வங்காளம்.

திருட்டுப் போனால் கண்டுபிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று செயின் கவரில் அலுவலக எண்ணையும், சைக்கிள் நம்பரையும் வெள்ளைப் பெயின்டில் எழுதச் சொன்னவள் பூர்ணிமாதான். விடுமுறை நாளில் அந்த அழைப்புகள் அவள் போனுக்குத்தான் வரும்.

"ஆமா, சொல்லுங்க."

"நான் இங்க போலீஸ் தானாவுல சிவிக் வாலன்டியர். ஆத்துல வெள்ளம் கொஞ்சம் இறங்கியிருக்கு. தரைப்பாலத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் சேத்துல மாட்டிக்கிட்டிருந்தது. பதினேழுன்னு போட்டிருக்கு. யாரோடது இது?"

"சைக்கிள்ல வந்த ஆள்?"

"ஆள் யாரும் இல்ல."

"பக்கத்துல பாத்தீங்களா? கரையில? பை ஏதாவது?"

"சைக்கிள் மட்டும்தான் இருக்கு, தீதீ. முன் சக்கரம் வளைஞ்சிருக்கு." அவன் தயங்கினான். "யாரு ஓட்டறது இதை?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் பூர்ணிமா.



* * *

அடுத்த அரை மணி நேரத்தில் பாஸ்டர் நான்கு இடங்களுக்குப் பேசிவிட்டார். காவல் நிலையத்தில் ஒரே பதில்தான் வந்தது. பாலத்து மேலே இன்னும் தண்ணீர் ஓடுகிறது, அக்கரைக்குப் போக வழியில்லை, படகையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடும், நாளைக்குப் பார்க்கலாம்.

நாளைக்கு!

எல்லோரும் சர்ச்சுக்குள் போய் முழங்காலிட்டார்கள். பூர்ணிமாவும் முழங்காலிட்டாள். 'நான்தான் கேட்டேன். நான்தான் எழுதி எழுதி வாங்கினேன். நடந்து போயிருந்தா அந்த ஆத்துப் பக்கமே போயிருக்க மாட்டான்' என்பது மட்டும்தான் உள்ளே ஓடியது. அதை ஜெபம் என்று சொல்ல முடியுமா?

மறுபடி போன். இந்த முறை அம்மா. சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பா மார்க்கெட் போவார், அப்போது அம்மா கூப்பிடுவாள். மூன்று வருட வழக்கம்.

"பூர்ணி, மழைன்னு அப்பா இன்னிக்கு மார்க்கெட் போகல. நான் பாத்ரூம்லேருந்து பேசறேன். சீக்கிரம் சொல்லு, எப்படி இருக்க?"

"அம்மா..." என்றாள் பூர்ணிமா. அதற்குமேல் அழுகைதான் வந்தது.

லேக் கார்டன்ஸ் வீட்டில் யசோதா பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டு நேராகக் கூடத்துக்கு வந்தாள். போனை ஒளிக்கவில்லை. பன்னீர்செல்வம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"இங்க பாருங்க. நான் பூர்ணிகூட பேசிட்டுத்தான் இருக்கேன். மூணு வருஷமாப் பேசறேன். போய்ப் பாக்கவும் செய்யறேன். திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க. இப்ப அவ புருஷனக் காணோம். சைக்கிள் மட்டும் ஆத்துல கெடந்துச்சாம்."

செய்தித்தாள் கீழே இறங்கியது. பன்னீர்செல்வத்துக்கு அறுபத்தாறு வயது. சவுத் ஈஸ்டர்ன் ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் பன்னிரண்டு வருடம் ஆத்ரா டிவிஷன். புருலியா மாவட்டத்தில் வண்டி நிற்காத ஊர்கள்கூட அவருக்குத் தெரியும்.

மனைவி எதிர்பார்த்த எதையும் அவர் கேட்கவில்லை.

"எந்த ஆறு?" என்றார்.

* * *

பன்னிரண்டரை மணிக்கு சர்ச் வாசலில் ஒரு பழைய கறுப்புக் குடை தெரிந்தது. முழங்கால் வரை பேன்ட் சுருட்டியிருந்தது. செருப்பு கையில்.

பூர்ணிமா எழுந்து நின்றாள். அப்பா இளைத்திருந்தார். முன்வழுக்கை அதிகமாகியிருந்தது. பின்னால் அம்மா, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி.

வாசலில் அவர் ஒரு நொடி நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

"கடைசியா எப்ப பேசினான்?"

"வியாழக்கிழமை காலையில. எட்டு மணி இருக்கும்."

"போற ஊர் பேர் என்ன சொன்னான்?"

"ஜாம்தி."

"சரியாச் சொல்லு. ஜாம்தியா, ஜாம்டியா? ரெண்டும் இருக்கு அங்க."

"ஜாம்திப்பா. ஆத்துக்கு அந்தப் பக்கம்னு சொன்னார்." அப்பா என்று கூப்பிட்டு மூன்று வருடமாகிறது என்பதைச் சொன்ன பிறகுதான் உணர்ந்தாள்.

அவர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தார். ஆத்ராப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் இன்னும் வேலையில் இருக்கும் பழைய சகாவோடு இந்தியில் பேசினார்.

"ஜெய்ராம்? மறுபடியும் பன்னீர் அண்ணன்தான். ஊரு ஜாம்தி. உன் ஸ்டேஷனுக்கு மேற்கே ஆத்துப் பாலம் இருக்கில்ல, அதைத் தாண்டி தெற்கே ரெண்டு மைல்... ஆமா. ரோடு முழுகிப்போச்சு. ரயில் பாலம் முழுகாது. மழைக்காலத்துக்கு கேங்மேன் பாலத்துல ரோந்து வருவானே, அவன் நடந்து அந்தப் பக்கம் போவானில்ல? டியூட்டி முடிஞ்சதும் அவன அந்த ஊருக்கு ஒரு நடை போய்ப் பாக்கச் சொல்லு."

எதிர்முனை ஏதோ கேட்டது.

பன்னீர்செல்வம் ஒரு கணம் தரையைப் பார்த்தார்.

"மேரா தாமாத் ஹை" என்றார். "என் மருமகன்ப்பா."

யசோதா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பூர்ணிமா அப்பாவின் காலடியில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அழாத. போன் வரும்போது காது கேக்கணும்" என்றார் அவர். "நான் அவன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. அவன் செய்யறது எனக்குப் பிடிக்காது. இப்பவும் பிடிக்காது. ஆனா ஆளு இருக்கணும். இருந்தாத்தானே நான் கோவப்பட முடியும்?"

* * *

ஒன்று, இரண்டு, இரண்டரை. மழை விட்டது, மறுபடி பிடித்தது. மதியச் சாப்பாடு அப்படியே மூடிக் கிடந்தது. ரயிலைப் பிடிக்க வேண்டிய மிஷனரிகள் யாரும் கிளம்பவில்லை.

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அடக்கிய சண்டைச் சத்தம் கேட்டது.

"இத இங்கேயே வச்சிரும். நமக்கு வேண்டாம்" என்றாள் ஜெயப்ரியா.

"பேசாம இரி. ஆட்கள் பாக்காங்க" என்றான் ஜெபசிங்.

"பாக்கட்டும். நடந்து போற ஊருக்கு நடந்து போவும். அது போதும்."

அவள் விறுவிறுவென்று வந்து சாவியைப் பூர்ணிமாவின் கையில் திணித்தாள். "அக்கா, நீங்களே சொல்லுங்க. நாங்க இத எடுத்துட்டுப் போகணுமா? நீங்க சொன்னா எடுத்துட்டுப் போறேன்."

எல்லோரும் பூர்ணிமாவைப் பார்த்தார்கள். காலையில் இதே கையால்தான் அந்தச் சாவியைக் கொடுத்திருந்தாள். தைரியமாக ஏதாவது சொல்ல வேண்டும். மிஷன் அலுவலகத்தில் இருப்பவள், ஒரு மிஷனரியின் மனைவி.

"எனக்குத் தெரியல ஜெயப்ரியா" என்றாள். "சத்தியமாத் தெரியல."

சாவியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, மேசையில் வைக்கவும் இல்லை. உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டாள். சாவியின் பல் பதிந்து வலித்தது.

"யாரோ வழிமறிச்சாங்கன்னு சொன்னியாமே, அம்மா சொன்னா" என்று மெதுவாகக் கேட்டார் பன்னீர்செல்வம்.

"ஆமாப்பா. போன வாரம். டீக்கடையில."

"அவங்க எந்த ஊரு?"

"கேக்கலப்பா. அவர் சிரிச்சாரு. நானும் விட்டுட்டேன்."

குடையின் கைப்பிடியை அவர் விரல்கள் திருகிக்கொண்டே இருந்தன.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் அவருடைய போன் அடித்தது. கூப்பிட்டது ஜெய்ராம் இல்லை. புது எண். பன்னீர்செல்வம் ஸ்பீக்கரைப் போட்டார்.

இரைச்சலுக்கு நடுவே ஒரு முரட்டுக் குரல், தான் கேங்மேன் என்றது. ஜாம்தி பள்ளிக்கூடத்து மேட்டில் நிற்கிறேன், இங்கேதான் ஒரு கோடு சிக்னல் வருகிறது என்றது. "உங்க ஆளு இருக்காரு, பாபு. நல்ல காய்ச்சல். ஆனா இருக்காரு. கட்டில்ல வச்சு தூக்கிட்டு வந்திருக்கோம். பேசுங்க."

"பூர்ணி?"

அந்த ஒரு சொல் போதும். ரஞ்சனா-தி "ஜீசஸ்!" என்று கத்திவிட்டாள். முற்றத்தில் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஜெயப்ரியா ஓடிவந்து பூர்ணிமாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பன்னீர்செல்வம் போனை மகளிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எப்படி இருக்கீங்க? அடி ஏதாவது பட்டுச்சா? யாராவது ஏதாவது..."

"ஒண்ணுமில்ல பூர்ணி. வியாழன் சாயங்காலம் வந்து சேந்ததுமே காய்ச்சல் தூக்கிட்டு. நிக்க முடியல. இங்க ஒரு வீட்டுல படுத்துட்டேன். நல்லாப் பாத்துக்கிட்டாங்க." மூச்சு வாங்கியது அவனுக்கு. "நீ ரொம்பப் பயந்துட்டியோ?"

"ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"போன் எங்கிட்ட இல்லம்மா. பாதல்ட்டதான் குடுத்து விட்டேன். இந்த வீட்டுக்காரன். பாதல் முர்மு. டாக்டரக் கூட்டிட்டு வாரேன்னு நேத்து விடியக்காலம் என் சைக்கிள எடுத்துட்டுப் போனான். டவர் கிடைக்க எடத்துல உன்னக் கூப்பிட்டு வெவரம் சொல்லுன்னு போனையும் குடுத்தேன். அவன் சொல்லித்தானே நீங்க இந்த ஆள அனுப்புனீங்க?"

பூர்ணிமாவின் முதுகில் ஜெயப்ரியாவின் கை இருந்தது. முற்றத்தில் இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பூர்ணி? கேக்கா? மழைக்கு அங்கன எங்கயோ தங்கிட்டான் போல. அவனோட அக்கா வீடு ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கு. எங்க இருக்கேன்னு சொன்னான்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை இன்னும் போடவில்லை. ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருந்தது. சற்று முன் அவர் முகத்தில் வந்த தெளிச்சி மறைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் கையை நீட்டி, யசோதாவின் போனை வாங்கி, ஜெய்ராமின் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

"பூர்ணி, அவன் வீட்டுக்காரி இங்க பக்கத்துலதான் நிக்கா. ரெண்டு நாளா எனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தது இவதான். அவன் எப்ப வருவான்னு உங்கிட்ட கேக்கணுமாம். குடுக்கேன், பேசு."

"வேண்டாம், ஆசீர், இருங்க..."

அதற்குள் போன் கை மாறிவிட்டது. ஒரு பெண்ணின் மூச்சு கேட்டது. பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது. தடுமாறும் வங்காளத்தில், தீதீ, அவர் உங்களிடம் பேசினாரா என்று கேட்டாள்.

பொய் சொல்ல பூர்ணிமாவுக்கு வரவில்லை. உண்மையை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

"சைக்கிள் கிடைச்சிருக்கு..." என்றாள். அடுத்த வார்த்தைக்காக மூச்சை இழுத்தாள்.

"கிடைச்சாச்சா!" அந்தப் பெண் சந்தோஷத்தில் கூவினாள். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அப்பா வந்துவிடுவார் என்கிற மாதிரி தன் மொழியில் குழந்தைக்கு எதையோ சொன்னாள். சொல்லும்போதே சிரித்தாள். குழந்தையும் சேர்ந்து சிரித்தது.

"தீதீ, இல்ல, கொஞ்சம் கேளுங்க..." என்று பூர்ணிமா கத்தினாள்.

சிக்னல் போய்விட்டிருந்தது.